மரம் நோயுற்றால் புதரைப் பாருங்கள்: அறிகுறி வாரியாக ஒரு வழிகாட்டி

மரத்தின் பட்டையில் கருஞ்சாறு வடிகிறது, உச்சிக்கிளை காய்கிறது என்றால் எல்லோரும் அண்ணாந்து மரத்தைத்தான் பார்க்கிறார்கள். முதலில் குனிந்து மரத்தடியைப் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி. அழகுக்காகவும் வேலிக்காகவும் தோட்டத்தில் நட்டு, பிறகு தோட்டத்தைத் தாண்டிப் போய்ப் பெருகிய புதர்களில் பல, மரங்களைக் கொல்லும் கிருமிகளைத் தங்கள் இலையிலும் பூவிலும் வளர்த்துக் கொடுக்கின்றன. புதர் பெரும்பாலும் சாவதில்லை. நான்கு இலை கருகும், ஒரு கிளை வாடும், அவ்வளவுதான். பக்கத்தில் நிற்கும் மரம்தான் சாகிறது. புதரை விட்டுவிட்டு மரத்துக்கு மட்டும் வைத்தியம் பார்த்தால் எத்தனை வருடம் போனாலும் தீராது.

ஆகவே எந்த அறிகுறியைப் பார்த்தாலும் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: இங்கே கிருமியைப் பெருக்குவது எந்தச் செடி? அதற்கு விடை தெரிந்துவிட்டால் எதை வெட்டுவது, எதை விட்டுவைப்பது என்பது தானாகத் தெளிவாகும். கீழே உள்ளவற்றில் உங்களுக்குப் பொருந்தும் அறிகுறியிலிருந்து தொடங்கலாம். அதற்கு முன் ஒரு வேண்டுகோள். மழையிலோ மழை விட்ட உடனேயோ பார்க்கப் போகாதீர்கள். ஈர மண்ணும் சருகும் செருப்பில் ஒட்டி அடுத்த இடத்துக்குப் போகும். கருகிய இலையைப் பறித்துப் பையில் போட்டுக்கொண்டு ஊர் சுற்றவும் வேண்டாம். இருக்கும் இடத்திலேயே படம் எடுங்கள், இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி: புதரின் இலை காம்பிலிருந்து கறுக்கிறது, செடி மட்டும் திடமாக நிற்கிறது

இதை நான் எல்லாவற்றையும் விட முக்கியமாக நினைக்கிறேன். ஏனென்றால் மரத்தில் ஏதாவது தெரிவதற்குப் பல மாதங்கள் முன்பே இது புதரில் தெரிந்துவிடும்.

ரோடோடென்ட்ரான் போன்டிகம் என்ற ஊதாப்பூப் புதரை எடுத்துக்கொள்வோம். கருங்கடலை ஒட்டிய நிலமும் ஐபீரியத் தீபகற்பமும் அதன் தாயகம். 1763-ல் பிரிட்டனுக்குள் தோட்டச் செடியாக வந்தது. வேட்டைப் பறவைகளுக்கு மறைவாகவும், கலப்பின ரோடோடென்ட்ரான்களை ஒட்டுவதற்கு வேர்ச்செடியாகவும் அதை ஏராளமாக நட்டார்கள். ஈரமும் அமில மண்ணும் கிடைத்த மேற்குப் பகுதிக் காடுகளில் அது அடர்ந்து படர்ந்துவிட்டது. வருடம் முழுக்கப் பச்சையாக இருக்கும் தடித்த இலை, அதன் கீழே எப்போதும் நிழல், எப்போதும் ஈரக்காற்று. ஒரு கிருமிக்கு இதைவிட வசதியான இடம் வேண்டுமா?

அப்படி வசதி கண்ட கிருமிதான் ஃபைட்டோஃப்தோரா ரமோரம். 1990-களின் நடுவில் கலிபோர்னியாவில் டான்ஓக் மரங்களும் ஓக் மரங்களும் கொத்துக்கொத்தாகச் செத்தன. ஜெர்மனியிலும் நெதர்லாந்திலும் ரோடோடென்ட்ரான், வைபர்னம் செடிகளில் கண்ட ஒரு புதுக் கிருமிக்கு 2001-ல் இந்தப் பெயர் வைக்கப்பட்டது. கலிபோர்னிய மரங்களைக் கொன்றதும் இதே கிருமிதான் என்பது தெரிந்தபோது பலருக்கும் அதிர்ச்சி. 2002-ல் அது பிரிட்டனில் விற்பனைக்கு வைத்திருந்த ஒரு வைபர்னம் செடியில் கண்டறியப்பட்டது. செடி வணிகம்தான் இந்தக் கிருமியைத் தூர தேசங்களுக்குக் கொண்டுபோன பெரிய வாகனம்.

சரி, இலையில் என்ன பார்ப்பது? நோய் என்றால் கருகல் பெரும்பாலும் காம்பிலிருந்து கிளம்பி நடுநரம்பு வழியாக இலைக்குள் ஓடும். காம்பு கறுத்திருக்கும். இலை நுனியில் தண்ணீர் தங்கும் இடத்திலிருந்தும் தொடங்கலாம். கருகலின் ஓரம் தெளிவான கோடாக இல்லாமல் மங்கலாகப் பச்சையில் கலந்திருக்கும். தளிர்த் தண்டு பழுப்பாகி, மேலே உள்ள இலைகள் தொங்கும்.

வறட்சியில் இலை சுருட்டிக்கொண்டு தொங்கும், ஆனால் காம்பு கறுக்காது. தண்ணீர் விட்டால் பெரும்பாலும் தேறிவிடும். வெயில் சுட்டதென்றால் வெயில் படும் பக்கத்து இலைகளில் மட்டும், தெளிவான ஓரத்தோடு வெளிறிய திட்டு இருக்கும். பனியில் அடிபட்டது ஒரே இரவில் எல்லாத் தளிரிலும் ஒரே மாதிரித் தெரியும். நோய் அப்படிச் சமமாக வராது. அடியில் உள்ள, ஈரம் காயாத இலைகளில் தொடங்கி அங்கொன்றும் இங்கொன்றுமாக ஏறும்.

கண்ணால் பார்த்து இன்ன கிருமி என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஃபைட்டோஃப்தோரா குடும்பத்தில் வேறு பல இனங்களும் ரோடோடென்ட்ரானைத் தாக்கும். பத்து நிமிடத்தில் கோடு காட்டும் கைச்சோதனைப் பட்டைகள் கூட ஃபைட்டோஃப்தோரா இருக்கிறதா என்றுதான் சொல்லும், எந்த இனம் என்று சொல்லாது. அதற்கு ஆய்வகம் வேண்டும். பல நாடுகளில் இந்த நோய் சந்தேகம் வந்தாலே தாவர நலத்துறைக்குத் தெரிவிப்பது சட்டப்படிக் கட்டாயம். பிரிட்டனிலும் அப்படித்தான். அவர்கள் வந்து பார்க்கும் வரை செடியை வெட்டவோ, அப்புறப்படுத்தவோ வேண்டாம்.

அறிகுறி: மரத்தண்டில் கருஞ்சாறு கசிந்து காய்ந்திருக்கிறது

கசிவு பல காரணங்களால் வரும். எடுத்தவுடன் மரத்தை வெட்ட ஆள் கூப்பிடாதீர்கள். மூன்று விஷயங்களைப் பாருங்கள்: எந்த மரம், கசிவு எந்த உயரத்தில், பக்கத்தில் என்ன புதர்.

பீச் மரம் (பழம் தரும் பீச் அல்ல, ஆங்கிலத்தில் beech எனப்படும் காட்டு மரம்), கசிவு தண்டின் கீழ்ப்பகுதியில், மரத்தைச் சுற்றி ரோடோடென்ட்ரான் அடர்ந்திருக்கிறது என்றால் புதரிலிருந்து தெறித்த நோய் என்று சந்தேகிக்க எல்லாக் காரணமும் இருக்கிறது. மழைத்துளி நோயுற்ற இலையில் விழுந்து, அங்கே கிருமி உண்டாக்கிய வித்துகளை, அதாவது நோயைப் பரப்பும் நுண்துகள்களை, தண்டின் மேல் தெறிக்கிறது. இங்கிலாந்தின் கார்ன்வாலில் 2003-ல் கண்டறியப்பட்ட ஃபைட்டோஃப்தோரா கெர்னோவியே இதே வழியில்தான் பீச் மரங்களைத் தாக்கியது. அங்கும் நடுவில் நின்றது ரோடோடென்ட்ரான்.

கசிவு வேர்க்கழுத்திலிருந்து தீநாக்கு போல மேலே ஏறுகிறதா? அப்போது மண்ணில் வாழும் வேறு ஃபைட்டோஃப்தோரா இனங்கள் வேரை அழுக்கியிருக்கக்கூடும். நீர் தேங்கும் இடமா, வடிகால் அடைபட்டிருக்கிறதா என்று பாருங்கள். அந்த நிலையில் புதரை அழிப்பதால் மட்டும் பெரிய பலன் இருக்காது.

குதிரைச் செஸ்நட் மரத்தில் துருநிறக் கசிவு என்றால் பெரும்பாலும் அது ஒரு பாக்டீரியா நோய். ரோடோடென்ட்ரானுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஐரோப்பிய ஓக் மரத்தில் பட்டை வெடிப்புகளுக்கிடையே வரிசையாகப் பல கசிவுகள், கூடவே ஆங்கில டி எழுத்து வடிவில் சிறு துளைகள் இருந்தால் அது ஓக் மரத் தீவிர நலிவு எனப்படும் வேறு சிக்கல். பிரிட்டனின் சொந்த ஓக் இனங்கள் இரண்டும் ரமோரத்தை நன்றாகவே தாங்குகின்றன. அதனால் அங்கே ஓக் கசிந்தால் முதல் சந்தேகத்தை வேறு பக்கம் திருப்புங்கள். கலிபோர்னியாவின் கடலோர ஓக் மரமோ எளிதில் பலியாகிவிடும்.

அந்தக் கலிபோர்னிய ஓக்கிலிருந்து கற்க வேண்டியது ஒன்று உண்டு. நோயுற்ற ஓக்கின் தண்டு, அடுத்த மரத்துக்குப் போகும் அளவுக்கு வித்துகளை உண்டாக்குவதில்லை. கிருமிக்கு அது முட்டுச்சந்து. வித்துகளைக் கொட்டுவது பக்கத்தில் நிற்கும் கலிபோர்னிய பே மரத்தின் இலைகள். அந்த பே மரம் அந்தக் காட்டின் சொந்தப் பிள்ளை, அந்நியப் புதர் கிடையாது. ஆனாலும் கணக்கு அதேதான். செத்த ஓக்கை வெட்டினால் நோய் நிற்காது. காப்பாற்ற வேண்டிய ஓக்கின் தண்டை ஒட்டி நிற்கும் பே மரங்களையும் கிளைகளையும் நீக்கினால் ஆபத்து குறைகிறது. டான்ஓக் விஷயம் வேறு. அதன் தளிரும் இலையும் தாமே வித்துகளை உண்டாக்கும். அதனால் டான்ஓக் நோயுற்றால் அதையே நீக்க வேண்டியிருக்கிறது.

பட்டையைச் சுரண்டிப் பார்க்கலாமா என்று கேட்பார்கள். தெரிந்தவர் செய்தால் சரி. நலமான உள்பட்டை வெளிறியிருக்கும். நோயுற்றது செம்பழுப்பாக, ஓரத்தில் கருங்கோட்டோடு இருக்கும். ஆனால் சுரண்டுவது மரத்துக்கு ஒரு புதுக் காயம், உங்கள் கத்திக்கு ஒரு புதுக் கிருமி. கத்தியை மண்ணும் சாறும் போகக் கழுவி, பிறகு எழுபது சதவீத ஆல்கஹால் கொண்டு துடைக்காமல் அடுத்த மரத்தைத் தொடாதீர்கள். அழுக்கோடு இருக்கும் கருவியின் மேல் கிருமிநாசினி தெளிப்பதால் பயனில்லை. முதலில் கழுவ வேண்டும், பிறகுதான் மருந்து.

அறிகுறி: கோடையிலேயே லார்ச் மரங்கள் கூட்டமாகப் பழுக்கின்றன

லார்ச் இலையுதிர்க்கும் ஊசியிலை மரம். இலையுதிர் காலத்தில் மஞ்சளாவது அதன் இயல்பு. அதை நோய் என்று பதற வேண்டாம். வசந்தத்திலோ கோடையிலோ ஊசிகள் வாடி, கிளை நுனிகள் சூம்பி, தண்டில் பிசின் வழிந்தால் அவசரம்.

2009-ல் தென்மேற்கு இங்கிலாந்தில் ஜப்பானிய லார்ச் தோட்டங்கள் ரமோரத்துக்குப் பலியாகத் தொடங்கின. அதுவரை புதரிலிருந்து மரத்துக்கு என்று ஒரே திசையில் போன நோய், அப்போது திசையை மாற்றிக்கொண்டது. லார்ச் ஊசிகள் ரோடோடென்ட்ரானை விடவும் அதிகமாக வித்துகளைக் கொட்டுகின்றன. உயரத்திலிருந்து கொட்டுவதால் காற்றும் மழையும் அவற்றை வெகுதூரம் கொண்டுபோகின்றன. அதனால்தான் அங்கே நோயுற்ற லார்ச்சைச் சுற்றியுள்ள மரங்களையும் சேர்த்து வெட்டச் சொல்கிறார்கள். நலமாகத் தெரியும் மரத்தை வெட்டுகிறார்களே என்று மனம் கனக்கும், எனக்கும் அப்படித்தான். ஆனால் ஊசியில் கிருமி இருந்தும் வெளியே தெரியாத நாட்கள் உண்டு. அந்த நாட்களில்தான் அது பரவுகிறது.

மரங்களை வெட்டிவிட்டுக் கீழே ரோடோடென்ட்ரானை அப்படியே விட்டால் பாதி வேலைதான் முடிந்தது. நிழல் போனதும் வெளிச்சம் கிடைத்து அது இரண்டு மடங்கு வேகத்தில் வளரும்.

அறிகுறி: பூவும் தளிரும் தீயில் வாட்டியது போல, நுனி கொக்கியாக வளைந்திருக்கிறது

ஆப்பிள், பேரி, ஹாத்தார்ன் மரங்களில் இதைப் பார்த்தால் தீக்கருகல் நோயை நினைத்துக்கொள்ளுங்கள். எர்வினியா அமிலோவோரா என்ற பாக்டீரியா செய்யும் வேலை. வட அமெரிக்காவில் தோன்றி, 1957-ல் இங்கிலாந்துக்கு வந்து, பிறகு ஐரோப்பாவில் பரவியது. கருகிய இலைகள் உதிராமல் கிளையிலேயே தொங்கும். ஈரமான நாளில் பட்டையிலிருந்து தேன் நிறத் துளிகள் கசியும்.

இங்கே சுற்றுமுற்றும் தேட வேண்டிய புதர் கொட்டோனியாஸ்டர், பைராகாந்தா. இரண்டும் ரோஜாக் குடும்பம், ஆப்பிளின் உறவு. சிவப்புப் பழத்துக்காக நட்ட கொட்டோனியாஸ்டரைப் பறவைகள் தின்று பாறைச் சரிவிலும் புல்வெளியிலும் விதைத்துவிட்டன. அதன் சில இனங்களைக் காட்டில் நடுவதையே பிரிட்டன் சட்டம் தடுக்கிறது. யாரும் கவாத்து செய்யாத அந்தக் காட்டுப் புதர்களின் பட்டைப் புண்களில் பாக்டீரியா குளிர்காலத்தைக் கழிக்கிறது. வசந்தத்தில் தேனீயும் மழையும் அதைப் பழத்தோட்டப் பூக்களுக்குக் கொண்டுபோகின்றன. வெட்டும்போது கருகிய இடத்துக்குக் கீழே குறைந்தது முப்பது சென்டிமீட்டர் நல்ல கிளையையும் சேர்த்து, உலர்ந்த நாளில் வெட்டுங்கள். ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தரியைத் துடையுங்கள்.

அறிகுறி: இளந்தளிரில் பளிச்சென்று மஞ்சள் தூள்

நாவல், கொய்யா, யூகலிப்டஸ் குடும்பத்துச் செடிகளில் மட்டும் இது வந்தால் மிர்ட்டில் துருநோய். தூளைக் கையால் தட்டவே கூடாது, அத்தனையும் காற்றில் போகும் வித்து. ஹவாயில் 2005-லும், ஆஸ்திரேலியாவில் 2010-லும், நியூசிலாந்தில் 2017-லும் கண்டறியப்பட்டது. ஹவாயில் காடுகளுக்குள் புகுந்து பெருகியிருந்த ஜம்பு மரங்களில் இது கோடிக்கணக்கில் வித்துகளை வளர்த்தது. இங்கே அந்நியச் செடியே பெருமளவில் செத்தது என்பது விதிவிலக்கு. ஆனால் சாவதற்கு முன், ஏற்கெனவே அருகிப்போயிருந்த சொந்த இனங்களுக்கும் நோயைக் கொடுத்துவிட்டது.

அறிகுறி: இலையின் ஓரம் மட்டும் காய்ந்து, தண்ணீர் விட்டும் தேறவில்லை

தண்ணீர்ப் பற்றாக்குறை, உப்பு, வேர்ச் சேதம் மூன்றையும் முதலில் பாருங்கள். பத்தில் ஒன்பது இவற்றில் முடிந்துவிடும். அவை இல்லை என்று உறுதியான பிறகுதான் சைலெல்லா ஃபாஸ்டிடியோசா. நீர்க்குழாய்களை அடைத்துவிடும் பாக்டீரியா இது. சாறு உறிஞ்சும் பூச்சிகள் வழியாகப் பரவும். 2013-ல் இத்தாலியின் தென்கிழக்குக் கோடியில் ஆலிவ் மரங்களில் கண்டறியப்பட்டது. 2015-ல் கோர்சிகாவில் தெரிந்தபோது அது அகப்பட்டது பாலிகாலா மிர்டிஃபோலியா என்ற தோட்டப் புதரில். தென்னாப்பிரிக்காவின் இந்த ஊதாப்பூச் செடி ஆஸ்திரேலியக் கடற்கரைகளில் களையாகப் பரவியிருக்கிறது. இந்தப் புதரில் ஓரக் கருகல் விரைவில் தெரிவதால் பக்கத்து மரங்களுக்கு முன்னறிவிப்பாகவும் பயன்படுகிறது. பார்த்தவுடன் தகவல் சொல்லுங்கள். பிடுங்கி எறிந்துவிட்டால் தடயமும் போய்விடும்.

அறிகுறி: மருந்து அடித்தேன், தெளிந்தது, மழைக்குப் பிறகு திரும்ப வந்துவிட்டது

ஃபைட்டோஃப்தோரா உண்மையான பூஞ்சை கிடையாது. பழுப்புப் பாசிகளுக்கு நெருங்கிய உறவு. அதன் வித்துகள் வாலடித்து நீந்தக்கூடியவை. அதனால் பூஞ்சைக்கான பல மருந்துகள் இதன் மேல் வேலை செய்வதில்லை. வேலை செய்யும் மருந்துகளும் பெரும்பாலும் கிருமியைக் கொல்லாமல் அடக்கித்தான் வைக்கின்றன. மருந்தின் வீரியம் குறைந்ததும் அது கண்விழிக்கிறது. நாற்றுப்பண்ணையில் பளபளவென்று இருந்த செடி வீட்டுக்கு வந்து சில வாரத்தில் கருகுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். 2004-ல் கலிபோர்னியாவின் ஒரு பெரிய நாற்றுப்பண்ணையிலிருந்து நோயுற்ற கமீலியாக்கள் அமெரிக்காவின் பல மாநிலங்களுக்குப் போன பிறகுதான் விஷயம் வெளியே வந்தது.

கலிபோர்னியாவில் ஓக், டான்ஓக் மரங்களுக்கு பாஸ்போனேட் மருந்தை முன்கூட்டியே கொடுக்கிறார்கள். அது மரத்தின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும். நோய் வருவதற்கு முன் கொடுத்தால் உதவும், முற்றிய பிறகு பெரிதாக உதவாது. புதருக்கு மருந்து அடிப்பதில் எனக்கு உடன்பாடே இல்லை. அறிகுறியை மறைத்துவிட்டுக் கிருமியை விட்டுவைப்பது, ஒன்றும் செய்யாமல் இருப்பதை விட மோசம்.

அறிகுறி: வெட்டினேன், முன்பைவிட அடர்த்தியாக முளைத்துவிட்டது

ரோடோடென்ட்ரானைத் தரையோடு வெட்டி அப்படியே விட்டால் அடிக்கட்டையிலிருந்து கொத்தாகத் துளிர்க்கும். தரையைத் தொடும் கிளைகளும் தாமாக வேர்விட்டுப் பதியன்களாகியிருக்கும், அவற்றைத் தேடிப் பிடுங்க வேண்டும். வெட்டிய உடனே, வெட்டு காய்வதற்குள், அடிக்கட்டையில் கிளைபோசேட் என்ற களைக்கொல்லியைப் பூசுவது ஒரு வழி. நிற்கும் தண்டில் துளையிட்டு அதில் மருந்து விடுவது இன்னொரு வழி. சுற்றியுள்ள செடிகளுக்குப் பாதிப்பு குறைவு என்பதால் சரிவான காட்டு நிலத்துக்கு இதுவே ஏற்றது. இலையில் தெளிப்பது மெழுகுப் பூச்சினால் வழுக்கிப் போகும். ரசாயனமே வேண்டாம் என்பவர்கள் ஸ்காட்லாந்தின் மேற்குக் காடுகளில் செய்வது போல, தண்டை நெம்பி முறித்து, அடியில் மிஞ்சும் மொட்டுகளை நசுக்கிவிடலாம். மெதுவான வேலை, ஆனால் சிறு இடங்களுக்கு நன்றாகப் பலிக்கிறது.

வேலையை உலர்ந்த பருவத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பறவைகள் கூடு கட்டும் மாதங்களைத் தவிருங்கள். வெட்டியதை, சட்டம் இடம் கொடுத்தால் அதே இடத்தில் எரித்துவிடுங்கள். லாரியில் ஏற்றி ஊர்வலம் போகக் கூடாது. ஆடு மாடு அந்தப் பக்கம் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள், இலை நச்சு.

ஒரு பெரிய புதர் வருடத்துக்குப் பத்து லட்சத்துக்கும் மேல் தூள் போன்ற விதைகளை உதிர்க்கும். நல்ல செய்தி, அந்த விதை மண்ணில் நீண்ட காலம் உயிரோடு இருக்காது. நாற்றுகள் பூப்பதற்கும் பல ஆண்டுகள் ஆகும். அதனால் பெரிய புதர்களை நீக்கிய பிறகு ஓரிரு ஆண்டுக்கு ஒருமுறை நடந்து பார்த்து நாற்றுகளைக் கையால் பிடுங்கினாலே போதும். அந்த நடையை விட்டுவிட்டு மறுபடி காடானதைத்தான் அதிகம் பார்க்கிறோம்.

சிவப்புப் பூ பூத்த தோட்டச் செடியில் திடீரென்று ஊதாப் பூ வருகிறதா? மேலே ஒட்டிய ரகத்தைக் கீழேயுள்ள போன்டிகம் வேர்ச்செடி அமுக்கிவிட்டது. அடியிலிருந்து வரும் அந்தக் கிளைகளை வேரோடு சேர்த்துக் கிழித்து எடுங்கள். விதை கட்டும் வரை வைத்திருக்காதீர்கள்.

அறிகுறி: எல்லாவற்றையும் அகற்றிவிட்டு நட்ட புதுச்செடியும் கருகுகிறது

ஃபைட்டோஃப்தோரா ரமோரம் தடித்த சுவருள்ள ஓய்வு வித்துகளை உண்டாக்கும். சருகிலும் மேல்மண்ணிலும் குளிரையும் வறட்சியையும் தாங்கிக் கிடக்கும். அந்த இடத்தில் குறைந்தது சில ஆண்டுகளுக்கு ரோடோடென்ட்ரான், வைபர்னம், கமீலியா, பியரிஸ் எதையும் நடாதீர்கள். விழுந்த சருகைத் திரட்டி அகற்றுங்கள். அதைக் குப்பை உரக்குழியில் போட்டு வேறு பாத்திக்கு இறைக்க வேண்டாம். பாசன நீர் ஓடையிலிருந்து வந்தால், ஓடைக்கு மேல்பக்கம் ரோடோடென்ட்ரான் இருக்கிறதா என்று போய்ப் பாருங்கள். வித்துகள் ஓடும் நீரில் கீழே வரும். தலைக்கு மேல் தெளிக்கும் பாசனத்தை நிறுத்தி, வேரில் மட்டும் தண்ணீர் விடுங்கள்.

இனி வாங்கும் ஒவ்வொரு செடியையும் மற்றவற்றிலிருந்து ஒதுக்கி, மருந்து எதுவும் அடிக்காமல், சில வாரங்கள் தனியே வையுங்கள். அடக்கி வைத்த நோய் இருந்தால் அதற்குள் காம்பு கறுத்துக் காட்டிவிடும். ஈரமான வாரத்தில் அடியிலைகளைத் திருப்பிப் பார்ப்பதை விட்டுவிடாதீர்கள்.